‘செயல்படாத கட்டி’ என்று எழுதித் தந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள்

தோழர்களே, இந்த முறை மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் ஒரு சுரப்பியைப் பற்றி எழுதுகிறோம். பிட்யூட்டரி என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ‘தலைமைச் சுரப்பி’ என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதிவிட்டு மறந்தும் போயிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் மறந்திருந்தோம், எங்கள் சின்னம்மாவுக்குக் கண் மங்கும் வரைக்கும்.

சின்னம்மா சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். அடுப்படியில் பக்கவாட்டில் இருக்கும் பாத்திரத்தைக் கைமுட்டியால் தட்டிவிடுவார். சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. “கண்ணு இருந்தும் கடிவாளம் கட்டுன மாடு மாதிரி இருக்கு பாப்பா” என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஒரே ஆண்டில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினார்கள். மூன்றாவதாகப் பார்த்த கண் மருத்துவர்தான் பார்வைப் பரப்பைச் சோதித்தார். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பாதி போயிருந்தது. கண்ணாடிக் கடைக்கு அனுப்பாமல் எம்.ஆர்.ஐ. எடுக்க எழுதித் தந்தார். பிட்யூட்டரியில் 28 மில்லிமீட்டர் கட்டி.

பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிக்கு நேர் மேலேதான் இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் அந்தச் சந்திப்பை நெருக்கும். அதனால்தான் இரு பக்கமும் இருட்டி, நடுவில் மட்டும் பார்வை நிற்கிறது. நடுப்பார்வை நன்றாக இருப்பதால் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்துவிடுவார்கள். சோதித்தவரும் கண் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவார். எதிரில் உட்கார்ந்து, பக்கவாட்டில் விரலை நீட்டி “தெரியுதா?” என்று கேட்டாலே பிடிபட்டுவிடக்கூடிய கோளாறு இது.

ஸ்கேன் சீட்டின் அடியில் ‘நான்-ஃபங்ஷனிங் அடினோமாவாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தது. செயல்படாத கட்டி. வீட்டில் அதைக் கேட்டதும் ஒரு நிம்மதி. செயல்படாத கட்டிதானே, சும்மா கிடக்கும், ஒன்றும் செய்யாது என்று சித்தப்பா சொன்னார். சொல்லின் நேர்ப்பொருள் அதுதான். ஆனால் மருத்துவத்தில் அதற்குப் பொருள் வேறு. அந்தப் பொருளைத் தேடித்தான் அக்கா பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளுமாக நாங்கள் நால்வர் மூன்று ஆண்டுகள் அலைந்தோம். அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறோம்.

பிட்யூட்டரியின் முன்பகுதி ஆறு முக்கிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. வளர்ச்சி ஹார்மோன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், அட்ரினல் சுரப்பியை ஏவும் ஏ.சி.டி.எச்., தைராய்டை ஏவும் டி.எஸ்.எச்., சினைப்பையையும் விதைப்பையையும் ஏவும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகியவை அவை. இவற்றில் ஒன்றைக் கட்டி அளவுக்கு மீறிச் சுரந்து உடம்பில் மாற்றம் தெரிந்தால் அது ‘செயல்படும்’ கட்டி. வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் கையும் காலும் தாடையும் பெருக்கும். ஏ.சி.டி.எச். மிகுந்தால் முகம் உப்பும், வயிறு பருக்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். இப்படி எதுவும் வெளியே தெரியாத கட்டிகள் அத்தனையையும் ஒரே கூடையில் போட்டு ‘செயல்படாதவை’ என்கிறார்கள்.

ஆக, இந்தப் பெயர் கட்டி என்ன என்று சொல்லவில்லை. என்ன இல்லை என்று மட்டும் சொல்கிறது. கண்ணை மறைப்பதும், தலைவலி தருவதும், பக்கத்தில் இருக்கும் நல்ல சுரப்பியை நசுக்கி மற்ற ஹார்மோன்களை வற்றச் செய்வதும் இந்தக் கட்டிகள்தாம். சின்னம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளாக இருந்த அசதியை நாங்கள் எல்லோரும் வேலைக் களைப்பு என்று பேசிக்கொண்டிருந்தோம். காலை நேர கார்டிசால் அளவு பார்த்தபோது மிகக் குறைவாக இருந்தது. செயல்படாத கட்டி செய்த வேலை அது.

அறுவைக்கு முன்பே இந்தப் பெயரைக் கேள்வி கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாணவத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்னம்மாவுக்கு புரோலாக்டின் 68 இருந்தது. பெண்களுக்கு 25க்குள் இருப்பது இயல்பு. கூடியிருக்கிறதே, அப்படியானால் இது புரோலாக்டின் சுரக்கும் கட்டியா? அப்படியானால் அறுவையே தேவைப்படாமல் போகலாம். கேபர்கோலின் மாத்திரையிலேயே அந்த வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை சுருங்கிவிடும். மாத்திரையில் தீரக்கூடியதற்கு மூக்கு வழியாகத் துளையிடுவது எவ்வளவு பெரிய விஷயம்!

எங்களுக்குக் கிடைத்த இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாகத் தாளில் படம் போட்டு விளக்கினார். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து ஒரு தண்டு வழியாக டோபமைன் இறங்கி வந்து, புரோலாக்டினை எப்போதும் அடக்கி வைத்திருக்கிறது. எந்தக் கட்டியானாலும் அந்தத் தண்டை அழுத்தினால் கட்டுப்பாடு தளர்ந்து புரோலாக்டின் கொஞ்சம் கூடும். பெரும்பாலும் 100க்குள் நிற்கும். இவ்வளவு பெரிய கட்டி உண்மையாகவே புரோலாக்டின் சுரப்பதாக இருந்தால் அளவு பல நூறுகளில், ஆயிரங்களில் இருக்க வேண்டும்.

ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ரத்தத்தில் புரோலாக்டின் அளவு கடந்து இருந்தால், சோதனைக்குப் பயன்படும் எதிர்ப்பொருள்கள் நிரம்பி வழிந்து, கருவி தவறாகக் குறைந்த எண்ணைக் காட்டிவிடும். அதனால் ரத்த மாதிரியை நூறு மடங்கு நீர்க்க வைத்து மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தார்கள். எண் மாறவில்லை. அப்போதுதான் மாத்திரை வழி இல்லை, அறுவைதான் என்று முடிவானது. பெரிய கட்டி, மிதமான புரோலாக்டின் என்று ஒரு சீட்டு உங்கள் கைக்கு வந்தால், “நீர்க்க வைத்துப் பார்த்தீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

தைராய்டும் இப்படித்தான். கழுத்துத் தைராய்டு நெடுநாள் வேலை செய்யாமல் கிடந்தால், அதைத் தட்டி எழுப்பப் பார்த்து பிட்யூட்டரியே வீங்கிவிடுவது உண்டு. ஸ்கேனில் அது கட்டி போலத் தெரியும். தைராய்டு மாத்திரை கொடுத்தால் வீக்கம் வடிந்துவிடும். ரத்தச் சோதனை முழுதாக முடியும் முன் ‘செயல்படாதது’ என்று யாரும் முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

அளவை வைத்து ஒரு வகைப்பாடு இருக்கிறது. 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மைக்ரோ, 10ம் அதற்கு மேலும் மேக்ரோ, 40ஐத் தொட்டால் ராட்சதக் கட்டி. சின்னக் கட்டி என்று கேட்டு யாரும் பதற வேண்டாம். வேறு காரணத்தால் இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு பிட்யூட்டரியில் சின்னக் கட்டி இருந்தது தெரியவந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க அவர்களை அது ஒன்றும் செய்யவில்லை.

பக்கவாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு இன்னொரு அளவுகோல் உண்டு. பிட்யூட்டரியின் இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அந்தக் குழாயை கட்டி எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று பார்த்து 0 முதல் 4 வரை எண் கொடுக்கிறார்கள். வியன்னாவைச் சேர்ந்த நாஸ்ப் குழுவினர் 1993இல் வெளியிட்ட முறை இது. 4 என்றால் கட்டி குழாயைச் சுற்றி வளைத்துவிட்டது, முழுதாக எடுப்பது மிகக் கடினம் என்று பொருள். சின்னம்மாவுக்கு இடப்பக்கம் 3. “முடிஞ்ச வரைக்கும் எடுப்போம், கொஞ்சம் விட்டுத்தான் வைக்கணும்” என்று அறுவை மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு நன்றி.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாளே, “கதவு ஓரத்துல நிக்கிறது நீதானே தம்பி?” என்று கேட்டார் சின்னம்மா. பக்கவாட்டுப் பார்வை திரும்பத் தொடங்கியிருந்தது. வீடே அழுதது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு ஒரே வரியில் வந்தது: ‘குரோமோஃபோப் பிட்யூட்டரி அடினோமா.’ வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், தொந்தரவு இருந்தால் வரவும் என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. பல இடங்களில் இதுதான் நடக்கிறது.

குரோமோஃபோப் என்ற சொல்லுக்கு நிறம் ஏறாதது என்று பொருள். நூறு ஆண்டுகளுக்கு முன், நுண்நோக்கியில் பார்க்கக் கண்ணாடித் துண்டில் சாயம் ஏற்றுவார்கள். சிவப்புச் சாயம் பிடித்த செல்கள் ஒரு வகை, நீலச் சாயம் பிடித்தவை ஒரு வகை, எதையும் பிடிக்காதவை மூன்றாம் வகை. சிவப்பு வகைக் கட்டி கைகால் பெருக்கும் நோயோடும், நீல வகை முகம் உப்பும் நோயோடும் ஒத்துப்போயின. நிறம் ஏறாதவற்றை எதையும் சுரக்காதவை என்று தள்ளி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் பாடநூல்கள் இப்படியே இருந்தன.

1970களின் தொடக்கத்தில் மனித புரோலாக்டினைத் தனியாக அளக்க முடிந்தது. அளந்து பார்த்தால், எதையும் சுரக்காதவை என்று ஒதுக்கப்பட்ட கட்டிகளில் கணிசமானவை புரோலாக்டினைக் கொட்டிக்கொண்டிருந்தன. அவை சும்மா இருந்ததில்லை. அளக்கத்தான் நம்மிடம் கருவி இருந்ததில்லை. அடுத்து எலக்ட்ரான் நுண்நோக்கி வந்தது. டொரோன்டோவில் கால்மான் கோவாக்ஸ், ஈவா ஹோர்வாத் இருவரும் பல ஆண்டுகள் உட்கார்ந்து இந்தச் செல்களின் உள்ளமைப்பைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். எந்த வகையிலும் சேராமல் மிஞ்சியவற்றுக்கு ‘நல் செல்’, அதாவது அடையாளம் ஏதுமற்ற செல் என்ற பெயர் 1980இல் வந்தது.

இப்போது இருப்பது அதற்கும் அடுத்த கட்டம். ஒரு செல் எந்தப் பரம்பரையில் வந்தது என்பதை அதன் உட்கருவில் இருக்கும் சில புரதங்கள் காட்டிக்கொடுக்கும். பிட்-1 இருந்தால் வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், டி.எஸ்.எச். ஆகியவற்றின் குடும்பம். டி-பிட் இருந்தால் ஏ.சி.டி.எச். குடும்பம். எஸ்.எஃப்-1 இருந்தால் எல்.எச்., எஃப்.எஸ்.எச். குடும்பம். கட்டியின் மெல்லிய சீவலில் இந்தப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை விட்டால், இருக்கும் இடத்தில் பழுப்பு நிறம் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இந்த மூன்று குடும்பங்களையே அடிப்படையாக வைத்தது. 2022 பதிப்பிலும் அதுவே நீடிக்கிறது.

இந்தச் சோதனை வந்தபின் பழைய கூடை கலைந்துபோனது. செயல்படாதவை என்று சொல்லப்பட்ட கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை எஸ்.எஃப்-1 குடும்பம் என்று தெரிந்தது. அவை ஹார்மோனைச் செய்கின்றன. வெளியே தெரியும் அளவுக்கு அது ரத்தத்தில் வேலை காட்டுவதில்லை, அவ்வளவுதான். இன்னொரு பகுதி டி-பிட் குடும்பம். இவற்றை ஓசையற்ற கார்ட்டிகோட்ரோஃப் கட்டிகள் என்கிறார்கள். இவை பக்கத்து இடங்களுக்குள் நுழைவதும் திரும்ப வளர்வதும் எஸ்.எஃப்-1 குடும்பத்தைவிட அதிகம். அரிதாக, ஓசையில்லாமல் இருந்தது பின்னாளில் உண்மையாகவே ஏ.சி.டி.எச். சுரக்கத் தொடங்குவதும் உண்டு. பிட்-1 குடும்பத்திலும் அமைதியாக இருந்து வேகமாக வளரும் வகை உண்டு. முன்பு ‘நல் செல்’ என்று முத்திரை குத்தப்பட்டவற்றை எடுத்து மறுபடி சோதித்தால் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு குடும்பம் இருந்தது. மூன்று சோதனையும் செய்து, எதற்கும் பழுப்பு வராமல் போனால்தான் இன்று அந்தப் பெயரை வைக்கலாம். அப்படி மிஞ்சுபவை மிகக் குறைவு.

இதைப் படித்த பிறகு எங்களால் ஒரு வரி ரிப்போர்ட்டோடு இருக்க முடியவில்லை. எடுத்த கட்டியை மெழுகுக் கட்டியில் பதித்து மருத்துவமனை பாதுகாத்து வைத்திருக்கும். அதைப் ‘பிளாக்’ என்பார்கள். நோயாளி கையெழுத்துப் போட்டுக் கேட்டால் வேறு ஆய்வகத்தில் சோதிக்கத் தருவார்கள். அந்தச் சாளரத்தில் நான்கு முறை நின்றோம். “பழைய பிளாக்கை வச்சு என்ன செய்யப் போறீங்க? ஆபரேஷன்தான் முடிஞ்சிடுச்சே” என்றார் ஒருவர். ஐந்தாம் முறை பிளாக் கையில் வந்தது. நகரத்தில் இருக்கும் வேறொரு ஆய்வகத்துக்கு எடுத்துப்போனோம். செலவைப் பிள்ளைகள் நாங்களே பங்கு போட்டோம். அறுவையைக் காப்பீட்டு அட்டையில் செய்ய முடிந்தவர்களுக்கு இந்தச் சோதனை மட்டும் கைக்காசில் என்பது எந்த நியாயம் என்று இன்றும் கேட்கிறோம். கட்டி என்ன வகை என்று தெரிந்துகொள்வது சிகிச்சையின் பாதி. அதைக் காசுள்ளவருக்கான கூடுதல் வசதியாக விட்டுவைக்கக் கூடாது.

முடிவு வந்தது. டி-பிட் பழுப்பு. ஏ.சி.டி.எச். பழுப்பு. ஓசையற்ற கார்ட்டிகோட்ரோஃப். எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று காட்டும் கே.ஐ-67 எண்ணும் எழுதியிருந்தார்கள், 3 சதவீதத்துக்குச் சற்று மேலே.

இந்த மூன்று வரி எங்களுக்கு என்ன செய்தது? ‘தொந்தரவு இருந்தால் வரவும்’ என்பது போய், ஆறு மாதத்தில் ஸ்கேன், பிறகு ஆண்டுதோறும் ஸ்கேன் என்று ஆனது. மூன்றாம் ஆண்டு ஸ்கேனில், விட்டு வைத்திருந்த இடப்பக்கத் துணுக்கு 4 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது. சின்னம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கண் நன்றாக இருந்தது. தொந்தரவு வரட்டும் என்று காத்திருந்தால் மறுபடி கண்தான் விலையாகியிருக்கும். வளர்ந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது கட்டி அப்படியே நிற்கிறது.

பெயரைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே இப்போது ஒரு சண்டை நடக்கிறது. 2022 வகைப்பாடு ‘அடினோமா’ என்ற பழைய சொல்லை மாற்றி ‘பிட்யூட்டரி நியூரோ எண்டோகிரைன் டியூமர்’ என்கிறது. சுருக்கமாக பிட்நெட். சிலவகைக் கட்டிகள் சாதுவாக நடந்துகொள்வதில்லை, சாதுவான பெயரை வைத்து அவற்றை அலட்சியம் செய்யக் கூடாது என்பது நோய்க்குறியியலாளர்களின் வாதம். புற்றுநோய்ப் பதிவேட்டுக் குறியீட்டிலும் இதைத் தீயவகை எண்ணில் சேர்த்தாயிற்று. நோயாளிகளை நேரில் பார்க்கும் மருத்துவர்கள் பலர் இதை எதிர்க்கிறார்கள். பெரும்பாலான பிட்யூட்டரி கட்டிகள் உயிருக்கு ஊறு செய்யாதவை, உடம்பின் வேறு பகுதிக்குப் பரவுவது மிக அரிது, அப்படியிருக்க எல்லோரையும் புற்றுநோயாளி ஆக்கி எதற்காகப் பயமுறுத்த வேண்டும், காப்பீடு முதல் வேலை வரை இந்தக் குறியீடு என்ன பாடு படுத்தும் என்று கேட்கிறார்கள்.

எங்களுக்கு இரண்டு வாதமும் புரிகிறது. சின்னம்மாவின் கட்டி, சாதுப் பெயருக்கு அடங்காத வகை. ஆனாலும் ரிப்போர்ட்டில் ‘டியூமர்’ என்று பார்த்ததும் பக்கத்து வீட்டில் “கேன்சராமே?” என்று பேச்சு பரவியதையும், சத்துணவுக் கூடத்தில் அவர் கைப்பட்ட சாப்பாட்டைப் பற்றி ஒருவர் முணுமுணுத்ததையும் பார்த்தோம். ஒரு சொல் மருத்துவரின் மேசையிலிருந்து தெருவுக்கு வரும்போது அதைச் சுமப்பவர் நோயாளிதான். அதனால் எங்கள் கருத்து இது: தலைப்பில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள், அதன் கீழே குடும்பம், ஊடுருவல், வளர்ச்சி வேகம் மூன்றையும் எழுதுங்கள். பிரான்சில் ட்ரூயாஸ் தலைமையிலான குழு 2013இலேயே ஊடுருவலையும் செல் பிரியும் வேகத்தையும் சேர்த்துத் தரம் பிரிக்கும் முறை ஒன்றை முன்வைத்தது. வெறும் பெயரைவிட அப்படி எழுதுவதுதான் அடுத்த ஸ்கேன் எப்போது என்று முடிவெடுக்க உதவும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இந்தச் சீட்டு வந்தால் நீங்கள் கூடப் போங்கள். படித்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் நின்றால் கேள்வி கேட்பது எளிதாகும். கேட்க வேண்டியவை இவை.

1. ஆறு ஹார்மோன்களும் கார்டிசாலும் பார்த்தாயிற்றா? பெரிய கட்டியென்றால் புரோலாக்டினை நீர்க்க வைத்து அளந்தீர்களா?

2. பார்வைப் பரப்புச் சோதனை செய்தீர்களா? எழுத்துப் பலகை மட்டும் போதாது.

3. நாஸ்ப் எண் என்ன? எவ்வளவு விட்டு வைக்க வேண்டியிருக்கும்?

4. எடுத்த கட்டியில் பிட்-1, டி-பிட், எஸ்.எஃப்-1 மூன்றும் பார்ப்பீர்களா? இங்கே வசதி இல்லையென்றால் பிளாக்கை எப்போது தருவீர்கள்?

5. அடுத்த ஸ்கேன் எந்த மாதம்? தேதியைச் சீட்டிலேயே எழுதித் தாருங்கள்.

கடைசியாக ஒன்று. கார்டிசால் குறைந்தவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். ‘ஸ்டீராய்டு கெடுதி’ என்று யாரோ சொன்னார்கள் என்று அதை நிறுத்தவே கூடாது. இது உடம்பு செய்ய வேண்டியதை வெளியிலிருந்து கொடுப்பது. தைராய்டும் குறைவாக இருந்தால் முதலில் இந்த மாத்திரை, பிறகுதான் தைராய்டு மாத்திரை. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை நிற்கவில்லை என்றால் உடனே ஊசி போட ஓட வேண்டும். சின்னம்மா தன் சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைத்திருக்கிறார். அதில் அவர் பெயர், கட்டியின் முழுப்பெயர், மாத்திரையின் அளவு, எங்கள் நால்வரின் தொலைபேசி எண் இருக்கிறது. நீங்களும் உங்கள் வீட்டவருக்கு இன்றே அப்படி ஒன்று எழுதிக் கொடுங்கள்.